நகர்த்த முடியாத கார்

சகலரும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டுக் காது கொடுக்கவும். நெருப்பைக் கண்டுபிடித்தபோது ஊரில் இல்லாதவர்கள், சக்கரம் முதன்முதலாக உருண்டபோது தூங்கிப்போனவர்கள், அச்சு இயந்திரம் வந்தபோது வேறு வேலையாக இருந்தவர்கள் ஆகியோருக்கு வரலாறு மனமிரங்கி இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறது. போன பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, எங்கள் தெருவின் கடைசி வீட்டு மேனேஜர், உள்ளுக்குள்ளேயே வைஃபை வைத்த கார் ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். மனிதகுலம் அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் உறங்கியது என்றால், அது அதன் அறியாமை.

மேனேஜர் இப்போது எதற்கும் மேனேஜர் இல்லை. முப்பத்திரண்டு வருடம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், இழப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பரிசீலித்துவிட்டு ஓய்வு பெற்றவர். பரிசீலிப்பது என்றால், வந்தவரை உட்காரச் சொல்லி, அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்து, எறும்பு ஊர்வதுபோல் அச்சாகியிருக்கும் ஒரு வரியின் மேல் பேனா முனையை வைத்து, "படிச்சுப் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க? படிச்சுப் பாத்துட்டுத்தானே?" என்று கேட்பது. எதையும் இரண்டு முறை சொல்வார். முதல் முறை தகவலுக்கு, இரண்டாம் முறை மரியாதைக்கு. அவருடைய மனைவிகூட அவரை மேனேஜர் என்றுதான் குறிப்பிடுவார். அதில் பயம் எவ்வளவு, பாசம் எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்கள் தெருவில் ஆளில்லை.

வீடு மேனேஜருக்கும் அவருடைய தங்கைக்கும் அப்பா விட்டுப்போனது. வீடு மேனேஜருக்கு. வீட்டை ஒட்டியிருக்கும் நீள அறை தங்கைக்கு. இரண்டுக்கும் முன்னால் இருக்கும் சிமெண்ட் முற்றம் இருவருக்கும் பொது. "பொது" என்ற அந்த ஒரு சொல்லை எழுதிவைத்துவிட்டு அந்தப் பெரியவர் நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டார். அவருக்கென்ன, போய்ச் சேர்ந்துவிட்டார்.

தங்கை அந்த அறையில் படங்களுக்கு பிரேம் போடுகிறார். கல்யாணப் போட்டோ, பட்டச் சான்றிதழ், செத்துப்போன நாயின் படம், எதைக் கொடுத்தாலும் அளந்து, மரச்சட்டத்தை நாற்பத்தைந்து டிகிரியில் அறுத்து, கண்ணாடி வெட்டி, பின்னால் அட்டை வைத்து ஆணி இறுக்கிக் கொடுப்பார். இந்தத் தொழிலுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். தூசி. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு துகள் மாட்டிக்கொண்டால், வாடிக்கையாளரின் கண் மாப்பிள்ளையைப் பார்க்காது, பெண்ணைப் பார்க்காது, துகளைத்தான் பார்க்கும். அத்தனை ஆணியையும் பிடுங்கி, பிரித்து, துடைத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இருபது வருடமாக அந்த ஒரு எதிரியோடு மல்லுக்கட்டி ஜெயித்துக்கொண்டிருந்தவருக்கு இரண்டாவது எதிரி நான்கு சக்கரத்தில் வந்தது.

கார் விற்ற இளைஞன் மேனேஜரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "சார், இது கார் இல்ல, ஓடுற ஆபீஸ்." ஓய்வு பெற்ற மனிதரிடம் ஆபீஸ் என்ற சொல்லைச் சொல்வது பட்டினி கிடப்பவரிடம் பந்தி என்று சொல்வதைப் போன்றது. கூரை மேல் சுறாமீன் துடுப்பு மாதிரி ஒரு ஆண்டெனா. ஒரே நேரத்தில் எட்டுச் சாதனங்களை இணைக்கலாம். எங்கே போனாலும் இன்டர்நெட் கூடவே வரும். மேனேஜர் அந்தத் துடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே, இளைஞன் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

எங்கே போனாலும் கூடவே வரும் என்பதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. மேனேஜர் எங்கேயும் போவதில்லை. காய்கறிக் கடைக்குப் போவார், முடிவெட்டப் போவார், அவ்வளவுதான். முடிவெட்டுகிற நேரத்தில் காருக்குள் எட்டுச் சாதனங்கள் இருந்து என்ன பிரயோஜனம்? ஆகவே அவர் வைஃபையை வீட்டுக்குள் கொண்டுவருவதென்று முடிவெடுத்தார். நான்காம் நாள் வீட்டு இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டு இணைப்பைத் துண்டிக்கச் சொன்னார்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு வைஃபை எதுக்கு? ரெண்டு எதுக்கு?"

அந்த இணைப்பில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் தங்கையும் இத்தனை வருடம் ஒட்டிக்கொண்டிருந்தார். அதுவும் போயிற்று. சுற்றிலும் உயரமான கட்டடங்கள். தங்கையின் அறைக்குள் கைப்பேசி சிக்னல் எட்டிப் பார்க்காது. முற்றத்துக்கு வந்தால் ஒரு கோடு காட்டும், அதுவும் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நிற்கும்.

காரின் வைஃபைக்கு இரண்டு குணங்கள் இருந்தன. ஒன்று, அந்தக் காலத்துச் சுவரைத் தாண்டி அது வராது. ஹால் ஜன்னலை உரசினாற்போல் கார் நின்றால்தான் டி.வி. வரைக்கும் வரும். இரண்டு, இன்ஜினை அணைத்தால் பத்தாவது நிமிடம் அதுவும் தூங்கிவிடும். ஜன்னலை உரசி நின்றால் காரின் பின்பக்கம் தங்கையின் கதவு முன்னால் வந்து நிற்கும். இன்ஜின் ஓடினால் புகைக்குழாய் நேரே அவர் அறைக்குள் மூச்சு விடும்.

ஆக, சாயங்காலம் ஆனால் ஹாலிலிருந்து மனைவியின் குரல் வரும். "என்னங்க, சீரியல் ஆரம்பிச்சிருச்சு. போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க." மேனேஜர் சாவியோடு இறங்கிப் போவார். ஒருநாள் சீரியலில் மாமியார்க்காரி மாத்திரையை மாற்றி வைக்கிற கட்டத்தில் பெட்ரோல் தீர்ந்துபோய், மருமகள் பிழைத்தாளா இல்லையா என்று தெரியாமல் அந்த அம்மாள் ராத்திரி பூராவும் புரண்டு படுத்தார்.

முதல் சண்டை எட்டாம் நாள் வந்தது.

"அண்ணே, காரை ரெண்டடி முன்னால தள்ளிப் போடுங்க. ஆள் உள்ள போக முடியல."

"ரெண்டடி தள்ளினா ஹால்ல சிக்னல் பாதியாயிடும்."

"நான் கதவைப் பாதிதான் திறக்கிறேன். பக்கவாட்டுல நுழையுறேன், நண்டு மாதிரி."

"நல்லதுதானே. உடம்புக்கு."

"புகை பூரா உள்ள வருதுண்ணே. கண்ணாடி மேல கரி படியுது."

"இந்தக் கார்ல புகையே கிடையாது. கம்பெனிக்காரனே எழுதிக் குடுத்திருக்கான். எழுதியே குடுத்திருக்கான்."

தங்கை கையிலிருந்த வெள்ளைத் துணியை விரித்துக் காட்டினார். நடுவில் கறுப்பாக ஒரு கை அச்சு. "அப்ப இது என்னது?"

"அது உன் மனசு."

"முற்றம் பொதுன்னு அப்பா எழுதிட்டுப் போயிருக்காரு."

"பொதுதான். என் காரும் நிக்கலாம், நீயும் நிக்கலாம். நில்லேன். யாரு வேணாம்னா?"

தங்கை துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "உங்ககிட்ட இழப்பீடு கேட்டு வந்தவங்க எல்லாம் வாசல்ல மண்ணை வாரித் தூத்திட்டுப் போனாங்கன்னு சொல்லுவாங்க. நான் நம்பல. இப்ப நம்புறேன்."

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஏச்சு நிற்கவில்லை. ஜன்னலைப் பார்த்துத் தங்கையும், காரின் டிக்கியைப் பார்த்து அண்ணனும் பேசிக்கொண்டார்கள். நடுவில் அண்ணி இருந்தார். அவர் யார் பக்கமும் சாயவில்லை. அவருக்கு டி.வி. வேண்டும், நாத்தனாரும் வேண்டும், இரண்டில் எதைக் கேட்டாலும் மேனேஜர் ஒன்றுக்கு இரண்டாகப் பதில் சொல்வார்.

ஜூன் மாதம் தங்கைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. புதிதாகத் திறக்கப்போகிற ஆஸ்பத்திரி ஒன்றின் தாழ்வாரங்களில் மாட்ட நாற்பது படங்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரம். அந்த அளவுக்குக் கையிருப்பில் கண்ணாடி கிடையாது. பெரிய பலகைகளாக வரவழைக்க வேண்டும். வந்தது. கண்ணாடி வண்டிக்காரர் முற்றத்தின் முன்னால் லாரியை நிறுத்தி இறங்கி, காரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கைகளால் அளந்து பார்த்தார்.

"அந்த இடுக்குல பூனை போகும்மா. என் கண்ணாடி போகாது."

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா..."

"சாய்ச்சா உடையும், மடிச்சா உடையும். கண்ணாடிக்குப் பொறுமை கிடையாதும்மா. காரை எடுக்கச் சொல்லுங்க."

மேனேஜர் ஜன்னல் வழியாக, இன்றைக்குக் கிரிக்கெட் இருப்பதால் காரை எடுக்க இயலாது என்று தெரிவித்தார். லாரி திரும்பிப் போனது. பத்து நாள் கழித்து மறுபடி வந்தது, மறுபடி போனது. இரண்டாம் முறை வண்டிக்காரர் சொல்லிவிட்டுத்தான் போனார்: "ஜூலை கடைசிச் செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கம் வர்றேன். அன்னிக்கும் இறக்க முடியலைன்னா வேற கடைக்குக் குடுத்துடுவேன்." ஆஸ்பத்திரிக்காரர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். அந்த வேலை போனால் அறையைப் பூட்டிவிட்டு வேறு எங்கேயாவது கூலிக்குக் கண்ணாடி வெட்டப் போக வேண்டியதுதான் என்பது தங்கைக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். மேனேஜருக்கும் தெரியும் என்பதுதான் இதில் கேவலம்.

தங்கை நகராட்சியின் சமரசப் பிரிவில் புகார் எழுதிக் கொடுத்தார், அரைப்பக்கம். மேனேஜர் பதில் எழுதினார், பதினோரு பக்கம். முப்பத்திரண்டு வருடப் பயிற்சி வீணாகவில்லை. மேற்படி வாகனம் வெறும் வாகனமல்ல, வீட்டின் தகவல் தொடர்பு நிலையம். தொழில்நுட்பக் காரணங்களால் அதை அங்கிருந்து ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாது, முடியவே முடியாது. வாகனத்தால் யாருக்கும் எந்த இடையூறும் இல்லை. எனவே எதிர்த்தரப்பு தன் பட்டறையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு, முற்றத்தைப் பார்த்த அந்தக் கதவை அடைத்துச் சுவர் எழுப்ப உத்தரவிட வேண்டும்.

அறிவிப்பு வந்தது. ஜூலை கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வீடியோவில் விசாரணை. முகம் திரையில் தெரிய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்பு அறுந்தால் ஆஜராகவில்லை என்று கொள்ளப்படும். ஆஜராகாதவர் தரப்பைத் தள்ளிவிட்டு மற்றவர் கேட்டதை அனுமதிப்பார்கள்.

மேனேஜர் அதை ஜன்னலில் நின்று உரக்கப் படித்தார். கடைசி வரியை இரண்டு முறை.

"பாத்தியா? இனிமே சிக்னல் இருக்கிறவன் பக்கம்தான் நியாயம்," என்று மனைவியிடம் சொன்னார், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படியாக.

"அப்ப இல்லாதவங்க?"

"இல்லாதவங்க முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கே மேனேஜர் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மேலே கோட்டும் டையும், திரையில் தெரியாத கீழ்ப்பாதியில் வீட்டில் போடும் கால்சட்டையும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கைப்பேசியை மாட்டினார். இன்ஜினை ஓட விட்டார். இடையூறு இல்லை என்பதற்குச் சாட்சியாக மனைவியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, மடியில் பதினோரு பக்கத்தையும் கொடுத்தார்.

"நான் கேட்டா ஆமான்னு சொல்லு. ஆமான்னு மட்டும்."

"வீட்டுல சொல்றதுதானே," என்றார் அந்த அம்மாள்.

தங்கை முற்றத்தில் இருந்தார். வேலை ஏப்ரனோடு, கைப்பேசியை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாமி வந்தவர்போல் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். ஒரு கோடு. பத்து இருபத்தெட்டுக்குத் திரையில் அதிகாரியின் முகம் வந்தது, பாதியில் உறைந்தது, சதுரம் சதுரமாக உடைந்தது, போயிற்று. மறுபடி அழைத்தார், மறுபடி போயிற்று. கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. அலுவலகத்தில் அவர் சிரித்ததே இல்லை, பேனாவைத்தான் திருகுவார். இப்போதும் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

தங்கை கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தார். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: மேனேஜர்.

கடவுச்சொல் கேட்டது. அண்ணன் வாழ்க்கையில் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் ஒன்றே ஒன்று, ஆபீஸில் கொடுத்த பணியாளர் எண். வாசல் கேட் பூட்டு, பெட்டிப் பூட்டு, டி.வி. பூட்டு எல்லாவற்றுக்கும் அதுதான். தங்கை அடித்தார்: 2071. குறைந்தது எட்டு எழுத்து வேண்டும் என்றது. ஒரு நொடி யோசித்தார். அண்ணன் எதையும் எப்படிச் சொல்வார்?

20712071.

வைஃபை திறந்தது. நாலு கோடும் நிறைந்தது. ஆனால் அந்த நாலு கோடும் காரின் பின்பம்பருக்கும் அவருடைய கதவுக்கும் நடுவில் இருந்த இடுக்கில்தான் நின்றன. தங்கை அதற்குள் புகுந்து, முதுகைக் கதவில் ஒட்டி, கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தார்.

சமரச அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. அன்றைக்கு இது நாலாவது வழக்கு. முதல் மூன்றில் ஒன்று கோழி சம்பந்தப்பட்டது. அந்தக் களைப்பு முகத்தில் இருந்தது.

"ரெண்டு பேரும் வந்தாச்சா?"

"நான் வந்துட்டேங்க," என்றார் மேனேஜர். "எதிர்த்தரப்பு வரலை. வரவே..."

"நானும் இருக்கேம்மா," என்றபடி மேனேஜரின் திரையிலேயே இன்னொரு சதுரத்தில் தங்கை தோன்றினார்.

மேனேஜரின் பேனா நின்றது. சட்டென்று சமாளித்துக்கொண்டார். "பாக்கிறீங்களே மேடம், அவங்க அவங்க இடத்துல நல்லா சௌகரியமா நிக்கிறாங்க. என் வாகனத்தால எந்த இடையூறும் இல்லை. சாட்சி இருக்கு." பின்னால் திரும்பினார். "இடையூறு இல்லைதானே?"

"ஆமா," என்றார் மனைவி.

"ஆமான்னா? இருக்குன்னா, இல்லைன்னா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆமான்னு மட்டும் சொல்லச் சொன்னாரும்மா."

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். "ஐயா, காரைக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தினா என்ன?"

"நகர்த்த முடியாது மேடம். தொழில்நுட்பக் காரணம். பக்கம் ஏழுல எழுதியிருக்கேன். அங்குலம்கூட முடியாது. முடியவே முடியாது."

சொல்லிக்கொண்டே அவர் காரின் பெரிய திரையைப் பார்த்தார். அங்கே சின்னதாக ஒரு அறிவிப்பு மின்னிக்கொண்டிருந்தது. இணைந்துள்ள சாதனங்கள்: மூன்று. அவருடைய கைப்பேசி, டி.வி., மூன்றாவதாக ஒன்று. விரலால் தொட்டார். மூன்றாவது சாதனம் தன் பெயரைச் சொன்னது: பிரேம் கடை.

ஒரு மனிதரின் முகம் இத்தனை நிறம் மாறும் என்று அந்த அம்மாள் முப்பது வருட இல்லறத்தில் கண்டதில்லையாம்.

"என் வைஃபையில உட்கார்ந்துக்கிட்டு என் மேலயே கேஸா?"

"உட்காரலண்ணே," என்றது கைப்பேசியிலிருந்தும் காரின் பின்னாலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரு குரல். "உட்கார இடம் எங்க இருக்கு? நின்னுக்கிட்டுதான் இருக்கேன்."

இந்த இடத்தில் மேனேஜர் யோசித்திருக்கலாம். கடவுச்சொல்லை மாற்றலாம், ஆனால் மாற்றினால் அவருடைய தொடர்பும் அறுந்து மறுபடி இணைய வேண்டும். அதற்குள் என்ன ஆகுமோ. வைஃபையை அணைத்தால் இருவரும் ஆஜர் இல்லை. ஆனால் அவருக்கு வேறொரு வழி தெரிந்தது. வைஃபை அவரோடுதானே இருக்கிறது? எங்கே போனாலும் கூடவே வரும் என்று அந்த இளைஞன் சொல்லவில்லையா? ஐந்து மாதத்தில் முதல்முறையாக அந்த வாக்கியத்துக்கு ஒரு பிரயோஜனம் வந்தது.

மேனேஜர் கியரைப் போட்டார். கார் முன்னால் நகர்ந்தது.

ஓர் அங்குலம். ஓரடி. முற்றத்தைத் தாண்டித் தெரு.

"என்னங்க..." என்றார் மனைவி.

"பேசாதே."

"ஐயா, உங்களுக்குப் பின்னால வீடெல்லாம் நகருதே," என்றார் அதிகாரி.

"சிக்னலுக்காக மேடம், சும்மா சிக்னலுக்காக." இருபது அடி, நாற்பது அடி. திரையில் தங்கையின் சதுரம் உறைந்தது, உடைந்தது, அணைந்தது. மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டையைச் சரி செய்தார். "எதிர்த்தரப்பு தொடர்புல இல்லை மேடம். ஆஜராகலைன்னு எழுதிக்குங்க. ஆஜராகலை."

"அஞ்சு நிமிஷம் இருக்கு ஐயா. வண்டி ஓட்டிக்கிட்டு விசாரணையில பேசக்கூடாது, நிறுத்துங்க."

அவர் நிறுத்துவதாக இல்லை. நிறுத்த வேண்டியதாயிற்று. தெரு குறுகலான இடம் வரைக்கும் போய் நின்றார், எதிரே கண்ணாடி லாரி வந்துகொண்டிருந்தது. லாரியின் இரண்டு பக்கமும் ஆள் உயரக் கண்ணாடிகள் சாய்ந்திருந்தன. அவற்றில் கோட்டு போட்ட மேனேஜர் ஏழெட்டுப் பேர் தெரிந்தார்கள்.

"பின்னால எடுங்க சார்," என்றார் லாரிக்காரர்.

"நான் விசாரணையில இருக்கேன்!"

"நான் லாரியில இருக்கேன். எடுங்க."

பின்னால் எடுக்க முடியாது. பின்னால் தங்கை ஓடிவந்துகொண்டிருந்தார். ஏப்ரன் பறக்க, கைப்பேசியை முன்னால் நீட்டிக்கொண்டு, வயது நாற்பத்தேழு என்பதைத் தெரு முழுவதும் மறந்துவிடும்படியாக ஓடிவந்தார். இரண்டு நிமிடம் போய்விட்டது, மூன்று. காரை எட்டியதும் பின்கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். கைப்பேசி வைஃபையை மோப்பம் பிடிக்க ஆரம்பித்தது. மேனேஜர் கதவுகளைப் பூட்டும் பொத்தானைத் தேடினார். அந்தக் காரில் நாற்பது பொத்தான்கள்.

அவர் கண்டுபிடிப்பதற்குள் பின்கதவு திறந்தது. உள்ளிருந்து.

"ஏன் வெயில்ல நிக்கிற? உள்ள வா," என்றார் அண்ணி, பதினோரு பக்கத்தையும் காலடியில் போட்டுவிட்டு ஒதுங்கி இடம் கொடுத்தபடி.

"என்ன பண்றே நீ?" என்று கத்தினார் மேனேஜர்.

"ஆமா," என்றார் அந்த அம்மாள்.

நாலாவது நிமிடத்தில் அதிகாரியின் திரையில் இரண்டு சதுரங்களும் வந்தன. முதல் சதுரத்தில் முன்சீட்டில் அண்ணன், அவருக்குப் பின்னால் ஒரு பெண்மணி, அவருக்குப் பக்கத்தில் மூச்சிரைக்கும் தங்கை. இரண்டாவது சதுரத்தில் மூச்சிரைக்கும் தங்கை, முன்சீட்டில் ஒரு கோட்டின் முதுகு. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே கார்லயா இருக்கீங்க?"

"அவ அத்துமீறி நுழைஞ்சிருக்கா மேடம்!"

"கூப்பிட்டாங்க, ஏறினேன்."

"ஐயா, நீங்க இருங்க. கார் இப்ப எங்க நிக்குது?"

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். "தெருவுல."

"பக்கம் ஏழை எடுங்க. அங்குலம்கூட நகர்த்த முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. கையெழுத்து உங்களோடதுதானே?"

பின்சீட்டிலிருந்து அண்ணி குனிந்து காலடியில் கிடந்ததை எடுத்து, ஏழாம் பக்கத்தைத் திறந்து, முன்னால் நீட்டினார். அந்த வரியின் மேல் விரலையும் வைத்துக் கொடுத்தார்.

மேனேஜர் அந்த வரியைக் குனிந்து பார்த்தார்.

"படிச்சுப் பாத்துட்டுத்தானே போட்டீங்க?" என்றார் தங்கை, மெதுவாக. பிறகு, ஒரு மரியாதைக்காக, இன்னொரு முறையும் கேட்டார்.

உத்தரவு அங்கேயே வாசிக்கப்பட்டது. நகரக்கூடிய வாகனம் நகர்ந்துவிட்டபடியால், நகர முடியாத கதவுக்கு முன்னால் அது மறுபடி நிற்கக்கூடாது. முற்றம் இருவருக்கும் பொது, கார் தெருவில் நிற்கட்டும். அடுத்த வழக்கு.

தங்கை இறங்கிப் போய் லாரிக்காரருக்கு வழி சொன்னார். லாரி ஒதுங்கி, காரின் கைப்பிடியை உரசாத குறையாகத் தாண்டிப் போய், காலியாகக் கிடந்த முற்றத்தில் நின்றது. கண்ணாடிப் பலகைகள் ஒவ்வொன்றாக, முழுசாகத் திறந்த கதவு வழியாக, நிமிர்ந்தபடியே உள்ளே போயின. ஆகஸ்டில் நாற்பது படங்களும் ஆஸ்பத்திரிக்குப் போயின. தூசி என்று ஒரு புகாரும் வரவில்லை. அண்ணனும் தங்கையும் இன்றுவரை பேசுவதில்லை. யாரும் திருந்தவில்லை, யாரும் அழவில்லை.

அண்ணி மறுநாளே தன் பெயரில் வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு வாங்கினார். கடவுச்சொல்லை நாத்தனாருக்குக் கொடுத்தார், கணவருக்குக் கொடுக்கவில்லை. மேனேஜர் கொள்கை முடிவாகத் தெருவில் நின்ற காருக்குள்ளேயே உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டுச் செய்தி பார்த்தார். ஓடுகிற ஆபீஸில் இப்படிப் பத்து நாளைக்கு மேல் பணியாற்றினார். ஒரு நாள் காலை பெரிய திரையில் ஒரு வாசகம் வந்தது. வைஃபை இலவசக் காலம் ஆறு மாதம் முடிவடைந்தது. மேனேஜர் வீட்டுக்குள் போய் ஒப்பந்தத்தை எடுத்துவந்தார். பதினேழாம் பக்கத்தின் அடியில் அது இருந்தது. எறும்பு ஊர்வதுபோல் இருந்தது.

கார் இப்போது வாரத்துக்கு இரண்டு முறை காய்கறிக் கடைக்குப் போய்வருகிறது. கடை, தெரு முனையில் இருக்கிறது.